ஸ்பெயினில் ஸ்டியரிங் தேடிய அண்ணன்

ரங்கூனில் சாலையில் வண்டி போவதும் வலப்பக்கம், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முந்தும்போது எதிரே வண்டி வருகிறதா என்று இடப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போன மாதம் பக்கத்து ஊரான தன்லியினுக்குப் போகும்போது, வண்டி ஓட்டிய பெரியப்பா மகன் செல்வம் அண்ணன் இடப்பக்க சீட்டில் இருந்த என்னிடம் சொன்னார்: "பாத்துச் சொல்லு. நீ அதுக்குத்தான் லாயக்கு." பின் சீட்டில் குடும்பமே சிரித்தது.

இன்று ஸ்பெயினிலிருந்து குடும்பக் குரூப்பில் வீடியோ போட்டிருந்தார். பின்னால் பாலைவன மலை, கீழே பாறையில் மோதும் மத்தியதரைக் கடல். அண்ணன் ஸ்டைலாகக் காரின் வலக்கதவைத் திறந்து உட்கார்ந்து கையை நீட்டினார். ஸ்டியரிங் இடப்பக்க சீட்டில் இருந்தது.

அதன் கீழேயே எழுதினேன்: "அண்ணே, அங்கயும் வண்டி வலப்பக்கம்தான் போகும், அந்த சீட்லருந்து எதிர்வண்டி சரியாத் தெரியாது. பாத்துச் சொல்லக்கூட நீங்க லாயக்கில்ல."

வீடியோவை உடனே அழித்துவிட்டார்.

என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள்.