குறைகளைக் கேட்டு வாங்கிய கார்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அப்பாவைப் பம்ப் செக்‌ஷன்காரராகத் தெரியும். மீதிப் பேருக்கு, தன் காரை வாங்க வந்தவர்களையெல்லாம் தானே பேசித் திருப்பி அனுப்பியவராகத் தெரியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று சொல்லவே மகளாகிய நான் இதை எழுதுகிறேன். தம்பி எழுதியிருந்தால் இன்னும் அடக்கமாக எழுதியிருப்பான். அவனோ, அப்பாவோடு சண்டை போட்ட அனுபவம் உனக்குத்தான் அதிகம், நீயே எழுது என்று சென்னையிலிருந்து போனில் சொல்லிவிட்டான்.

அப்பா முத்தாண்டிக்குப்பத்தை அடுத்த ஒரு சிற்றூரில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். சுற்றிலும் முந்திரித் தோப்புகள். அதில் ஒரு மரம்கூட எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். பர்மனென்ட் ஆவதற்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. அம்மாவைக் காடாம்புலியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது, நானும் தம்பியும் பிறந்தது எல்லாம் அந்தப் பதினோரு ஆண்டுகளுக்குள் நடந்தவை. கையில் காசு இல்லாத காலம் அது. ஆனால் வீட்டில் அழுகுரல் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அப்பாவின் கோபக் குரல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். இல்லாவிட்டால் ஏரிதான். அந்தப் பம்புகளோடுதான் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து கிளம்புகிறவர், அடுத்து வரும் ரிலீவரிடம் எந்தப் பம்ப் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல மாட்டார். எது ஒழுகுகிறது, எது சூடாகிறது, எது இன்றோ நாளையோ நின்றுவிடும் என்பதைத்தான் சொல்வார். நல்லதைப் பார்த்தால் தெரிந்துவிடும், கெட்டதைத்தான் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பார் அப்பா. இதை அவர் சுரங்கத்தோடு விட்டிருந்தால் எங்களுக்குத் தொல்லை இல்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம், "பாப்பாவுக்கு வாய் கொஞ்சம் அதிகங்க" என்று முதலிலேயே சொன்னவர் அவர். அப்படியும் என்னைக் கட்டிக்கொண்டவர்தான் என் கணவர்.

நான் கல்லூரியில் படிக்கும்போது கடன் போட்டு ஒரு சிறிய வெள்ளைக் கார் வாங்கினார். வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போனார். வழியில் பெரிய தெருக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "யாரு வண்டிய ஓட்டிகினு வந்திருக்க?" என்று கேட்டார். அப்பாவை டிரைவர் என்றே நினைத்துவிட்டார். அப்பா இறங்கிக் கைகட்டி நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, "என்னுதுதாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தக் காரை விற்கும் பேச்சை யார் எடுத்தாலும் அவர் முகம் ஏன் மாறும் என்பது எங்களுக்குத் தெரியும்.

பணி ஓய்வு பெற்று, சுரங்கத்தார் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே சிறிய வீடு கட்டிக் குடியேறியபோது காரும் கூடவே வந்தது. காருக்கும் வயதாகிவிட்டது. மேட்டில் ஏறும்போது இருமியது. மழை பெய்தால் கிளம்ப மறுத்தது. அப்பா அதைத் தெரிந்த நோயாளி என்பார். எப்போது என்ன செய்யும் என்று தனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

அப்போதுதான் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு கதிர்வீச்சு சிகிச்சை தரவேண்டும், புதுச்சேரிக்கு வந்துபோக வேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் என்றார் டாக்டர். ஒரு நாளும் இடையில் விடக்கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, காடாம்புலியூருக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரிந்த நோயாளி புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. நல்ல வெயில். தையல் பிரித்துச் சில நாட்களே ஆன அம்மாவைச் சாலையோரத்தில் நிற்க வைத்துக்கொண்டு அப்பா பானெட்டைத் திறந்தார். பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை செய்த பெண்கள் அம்மாவை உள்ளே அழைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மெக்கானிக் வந்தார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்லவேண்டும். எஞ்சின் வேலை பார்த்தால் போதும் என்றார் அப்பா. கடன் போட்டுப் புது கார் எடுங்கள், மாதத் தவணையை நான் கட்டுகிறேன் என்றான் தம்பி. அவனுக்கே வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கிறது, கைக்குழந்தை வேறு. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்று அப்பா மறுத்துவிட்டார். கையில் இருப்பதற்குள் நல்ல பழைய கார் ஒன்றைப் பார்க்கலாம் என்றேன் நான். அம்மா மட்டும், எதற்கு இந்தப் பாடு, பஸ்ஸிலேயே போய் வருகிறேன் என்றார். பண்ருட்டி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க அவரால் அப்போது வலது கையைத் தூக்கவே முடியாது.

நான் பொறுமை இழந்து, "உங்க வண்டி ஒரு நாள் நின்னா அம்மாவுக்கு ஒரு நாள் ட்ரீட்மென்ட் போச்சு. உங்களுக்கு அதுவா முக்கியம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு வருந்தினேன். மறுநாள் காலை அப்பா காரைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, வேறு வண்டி பார்க்கச் சொன்னார். சிகிச்சை தொடங்க மூன்று வாரம் இருந்தது.

பழைய காரை விற்றால்தான் கையிருப்போடு சேர்த்து ஒரு நல்ல வண்டிக்குப் பணம் தேறும். வாங்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் உட்காரும் முன்பே அப்பா ஆரம்பித்துவிடுவார். ரேடியேட்டர் ஒழுகும், மூன்றாவது கியர் வழுக்கும், மழைக்குக் கிளம்பாது. ஒருவர் பாதியிலேயே எழுந்து, விற்கிற ஆசை இருக்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். வாங்கப் போன இடத்திலும் இதே கதைதான். "இதுல என்ன குறை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒன்றுமே இல்லை சார், சும்மா வெண்ணெய் மாதிரி ஓடும் என்று சொல்லிவிட்டால் போதும், அப்பா செருப்பை மாட்டிக்கொள்வார். விலையைக் குறைக்கக் கேட்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. வம்பு செய்கிறார் என்று நினைத்தவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

இரண்டு வாரம் இப்படியே கழிந்தது. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பதற்கு வேறு ஆளைத் தேட வேண்டாம், நான் இருக்கிறேன். கடலூரில் ஒரு தரகரிடம் பளபளவென்று ஒரு சிவப்புக் காரைப் பார்த்து, அப்பாவிடம் சொல்லாமலேயே முன்பணம் கொடுத்துவிட்டேன். பிறகு அவரை அழைத்துப் போய்க் காட்டினேன். எஞ்சினை அவர் பார்க்கவே இல்லை. டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி டயரைத் தூக்கி, அது இருந்த குழியைக் கையால் தடவினார். சீட்டுக்கு அடியில் கம்பி ஓடும் இடத்தில் விரலை விட்டு எடுத்தார். விரலில் மாவு போல மெல்லிய வண்டல் இருந்தது.

"இதுல தண்ணி நின்னுருக்கு பாப்பா. சீட்டு மட்டத்துக்கு நின்னுருக்கு."

வெள்ளத்தில் நின்ற வண்டியைத் துடைத்து, சீட் உறை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒயர்கள் உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டே இருக்கும், எந்த நாளில் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது என்றார். வாழ்நாளெல்லாம் தண்ணீரோடு மல்லுக்கட்டியவரை ஏமாற்ற முடியுமா? தரகர் முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தார். வீடு வரும்வரை அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம் என்று அன்று முழுதும் நினைத்தேன்.

சிகிச்சைக்கு ஐந்து நாள் இருந்தபோது, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்த ஓர் ஆசிரியையிடம் கார் இருப்பதாக என் பள்ளித்தோழி சொன்னார். அவர்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிப் போவதாக இருந்தார். சாம்பல் நிறக் கார். அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா சற்று யோசித்தார்.

"ஸார், சொல்லிடறேன். பின்னாடி இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஏசி மத்தியானத்துல வேலை செய்யாது. கேட்டுல ஒரு தடவை இடிச்சு பெயின்ட் அடிச்சிருக்கேன். அது தெரியக் கூடாதுன்னுதான் அடிச்சேன்."

"வேற?"

"கிளட்ச் ஒரு வருஷம் தாங்கும். அதுக்கு மேல சொல்ல முடியாது."

அப்பா என் பக்கம் திரும்பி, "எடுத்துக்கலாம் பாப்பா" என்றார். காரைச் சுற்றிக்கூட இன்னும் வரவில்லை. பிறகு டிக்கி, சீட்டுக்கடி எல்லாம் பார்த்தார், காய்ந்து கிடந்தது. அப்போது எனக்கு வந்த நிம்மதியை என்ன சொல்ல? இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போல இருந்தது.

வெள்ளைக் காரை, பன்னிரண்டு ஆண்டுகளாக அதை ரிப்பேர் பார்த்த மெக்கானிக் அண்ணனே எடுத்துக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது அப்பா அவரிடமும் ரேடியேட்டரில் ஆரம்பித்து ஒவ்வொரு குறையாகச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, இதெல்லாம் உங்களுக்குச் சொன்னதே நாந்தாண்ணே" என்றார். அம்மா அன்று வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். கார் தெருமுனை திரும்பியதும் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கோடை விடுமுறை. போகும்போது அப்பா ஓட்டுவார், வரும்போது நான். முப்பது நாளும் காலையில் கிளம்பி மதியம் தாண்டித் திரும்பினோம். ஏசி சொன்ன சொல் தவறாமல் மத்தியானத்தில் நின்றுபோகும். ஈரத்துண்டை ஜன்னலில் கட்டிக்கொண்டு வந்தோம். அம்மா ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அப்பா சுற்றி வந்து இடது கதவை வெளியிலிருந்து திறந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இவர் கதவு திறந்துவிட்டதே இல்லை, இந்த வண்டி புண்ணியத்தில் நடக்கிறது என்பார் அம்மா. ஒரே ஒரு நாள் பஞ்சர். கார் நின்றதால் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

கடைசி நாள் திரும்பி வரும்போது காடாம்புலியூரில் பலாப்பழ வாசனை வண்டிக்குள் வந்தது. பல வாரமாக எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தள்ளிய அம்மா, "நிறுத்தும்மா, ஒரு சுளை திங்கணும் போல இருக்குது" என்றார். அப்பா ஒரு சுளை வாங்கவில்லை, ஒரு முழுப் பழத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வாசனை போக ஒரு வாரம் ஆயிற்று.

அதன்பிறகு அம்மா தேறினார். பரிசோதனைக்குப் போன ஒவ்வொரு முறையும் அப்பாதான் ஓட்டினார். கடைசியாகப் போனபோது, இனி ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார் டாக்டர். இன்னும் ஒரு முறை சொல்லுங்கள் என்று அப்பா அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சரியாக ஒரு மாதம் கழித்து, மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். படுக்கையில் கிடந்து ஒரு நாளும் அவதிப்படவில்லை. அந்த அளவில் எங்களுக்கு ஆறுதல்.

அப்பாவின் இறுதிச் சடங்கில் முன்னின்ற உறவினர்களுக்கும், ஷிப்ட் முடிந்த உடையோடு வந்து தோள் கொடுத்த பம்ப் செக்‌ஷன் நண்பர்களுக்கும், தெருவாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அம்மாவை நிழலில் உட்கார வைத்த, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத முந்திரிக் கொட்டகைப் பெண்களுக்கு நன்றி. மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி. தன் காரின் குறையைத் தானே சொன்ன ஆசிரியை அம்மாவுக்கு இந்த மலரைத் தபாலில் அனுப்புகிறோம். கிளட்ச் இன்னும் தாங்குகிறது என்பதையும் அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்ததை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் கொடுத்தேன். நிதானமாக முழுவதும் படித்தார். பெரிய தெருக்காரர் விஷயம் வேண்டுமா என்று கேட்டு, இருக்கட்டும் என்று அவரே சொல்லிக்கொண்டார். அப்பாவின் கோபத்தைக் குறைத்து எழுதியிருப்பதாகக் குறைபட்டார். பிறகு தாளை என்னிடம் திருப்பித் தந்தார்.

"ரெண்டு வருஷமா நான் போயிடுவேன்னு பயந்துகினேதான் இருந்தாரு. வெளிய சொல்ல மாட்டாரு, எனக்குத் தெரியும். ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னதக் கேட்டுட்டு, அந்தப் பயம் இல்லாம போனாரு. அத எழுதிட்டியா?"

இப்போது எழுதிவிட்டேன், அம்மா.