ஈரல் கொண்டுவந்த சம்பந்தி

பெட்டிக்கடைக்கு வரும் எந்தக் குழந்தைக்கும் கடைக்காரம்மா புருல்சா கேட்ட பொருளை உடனே எடுத்துத் தரமாட்டார். "கண்ணைக் காட்டு" என்பார். குழந்தை கீழிமையை விரலால் இழுத்துக் காட்டவேண்டும். உள்ளே சிவந்திருந்தால் பொருள் கைக்கு வரும். வெளுத்திருந்தாலும் வரும், கூடவே, "உங்கம்மாவை என்னை வந்து பாக்கச் சொல்லு" என்ற வார்த்தையும் வரும். கிர்கிஸ்தானின் கோச்கோர் ஊரில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே பதினாறு வருடம் இது நடந்தது. பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போதே இமையை இழுத்துக்கொண்டு வருவார்கள். புதிதாக வந்த கணக்கு வாத்தியார் சிகரெட் கேட்டபோது அவரையும் விடவில்லை.

"எனக்கு எதுக்குக்கா?"

"புகை குடிக்கிறவனுக்கு ரத்தம் என்ன நிறம்னு பாக்கணும். இழு."

அவரும் இழுத்தார்.

இந்தப் பழக்கம் பெரிசாத் என்ற பக்கத்து வீட்டுச் சிறுமியால் வந்தது. அப்போது அவளுக்குப் பத்து வயது. அப்பா பெயர் ஜுமாதில், மலைச் சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றிவரும் லாரி ஓட்டுநர். அம்மா அனார்கான் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைப்பவர். பெரிசாத் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். கறியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வசந்தகாலப் பரிசோதனையில் ரத்தத்தின் ஹீமோகுளோபின் லிட்டருக்குத் தொண்ணூற்றாறு கிராம் என்று எழுதிக் கொடுத்தார்கள். குறைந்தது நூற்றுப் பதினைந்து இருக்கவேண்டும்.

அனார்கான் அதைப் புருல்சாவிடம் சொல்லி அழுதார். இருவரும் அடுத்தடுத்த வீடு. புருல்சா கடை அலமாரியிலிருந்து சோளமாவில் பொரித்த இனிப்புச் சோளக்குச்சிப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

"இங்க பாரு. இரும்புச்சத்து, ஏழு வைட்டமின். கறி வேண்டாம்னு அழுற பிள்ளை இதை வேண்டாம்னா சொல்லும்?"

பெரிசாத் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று. மூக்குவரை இனிப்புத் தூள் ஒட்டியிருக்கும். மகள் ஒருவழியாகச் சத்தானதைச் சாப்பிடுகிறாள் என்று அனார்கான் நிம்மதியாக இருந்தார். இலையுதிர்காலத்தில் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். எண்பத்துநான்கு.

ஊர் மருத்துவ நிலையத்தில் இருந்த உதவியாளர் புபூசாராவுக்கு முகமும் குரலும் ஒரே அளவில் கறார்.

"என்ன குடுக்குறே இவளுக்கு?"

"தினம் ரெண்டு பொட்டலம் இரும்பு சாப்பிடுறா!" என்றார் அனார்கான்.

"எதோட?"

"டீயோடதான். டீ இல்லாம எதைச் சாப்பிடுவாங்க?"

"மத்தியானச் சாப்பாடு?"

"அதுதான் மத்தியானச் சாப்பாடு."

புபூசாரா பேனாவைக் கீழே வைத்தார். "பொட்டலத்துல இருக்கிற இரும்பு ஒரு சிட்டிகை. அதையும் நீ ஊத்துற கறுப்பு டீ பிடிச்சு வெச்சுக்குது. மிச்சம் இருக்கிறது மாவும் சக்கரையும். வயிறு நிறையுது, அதனால வேற எதுவும் உள்ள போகல. யாரு சொன்னா இதை மருந்துன்னு?"

யார் சொன்னது என்று அனார்கான் அங்கே சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து புருல்சாவோடு பேச்சு நின்றது. வேலிக்கு இந்தப்பக்கம் துணி உலர்த்தும்போது அந்தப்பக்கம் முதுகைக் காட்டினார். பெரிசாத்துக்கு மாத்திரை தொடங்கியது. அதை விழுங்கினால் குமட்டியது, பாதி நாள் கக்கிவிட்டாள். குளிர் ஏறிக்கொண்டே வந்தது. அளவு இன்னும் இறங்கினால் நரின் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றவேண்டும் என்று புபூசாரா சொல்லியிருந்தார்.

விஷயம் புருல்சாவின் காதுக்கு எப்படியோ போனது. அவர் நேராக மருத்துவ நிலையத்துக்கு நடந்தார். ரத்தம் குறைந்தால் கீழிமையின் உட்பக்கம் வெளுக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். திரும்பி வந்தவர் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஓர் ஆட்டை அறுத்தார். விருந்து எதுவும் இல்லை, விருந்தாளியும் இல்லை.

அன்று மதியம் துண்டு போட்டு மூடிய தட்டோடு அவர் அனார்கான் வீட்டு வாசலில் நின்றார். ஜுமாதில் அன்று வீட்டில் இருந்தார். துண்டை விலக்கிப் பார்த்தவருக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. தட்டில் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று, ஆட்டின் வால்கொழுப்புத் துண்டு ஒன்று, மறுபடி ஈரல், மறுபடி கொழுப்பு என்று அழகாக அடுக்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரே தட்டில் வைத்து இரண்டு வீட்டாரும் சாப்பிடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பெண் கேட்டு, சரி என்று சொல்லி, நிச்சயம் செய்வதற்கு. வாயில் போட்டுவிட்டால் அதன்பிறகு பேச்சு மாற முடியாது. புருல்சாவுக்கு உலுக்மான் என்று பன்னிரண்டு வயதில் ஒரு மகன் வேறு இருந்தான்.

"என்னக்கா இது? எம்பொண்ணு அஞ்சாங்கிளாஸ்தான் படிக்குது!"

"அதுக்குத்தான் தம்பி கொண்டாந்தேன். இந்த வயசுல விட்டா அப்புறம் பிடிக்க முடியாதாம்."

"பிடிக்க முடியாதா! மொதல்ல உம்பையன் மூக்கைத் தொடைச்சுவிடு!"

"அவனுக்கு என்ன? அவன் ரத்தம் நல்லாத்தான் இருக்கு."

"ரத்தம் பாத்து வேற வெச்சிருக்கியா?"

உள்ளேயிருந்து அனார்கான் ஓடிவந்தார். தட்டைப் பார்த்தார். புருல்சாவைப் பார்த்தார். பல நாளாகப் பேசாத வாய் திறந்தது: "ஏன்டி, கொழுப்பை எதுக்குடி வெச்சே?"

அப்போதுதான் புருல்சா தன் கையில் இருந்ததைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ! வெறும் ஈரல் தொண்டையில அடைக்குமேன்னு வெச்சேன். ஈரல்ல இருக்கிற இரும்பு சீக்கிரம் ஒடம்புல சேரும்னு புபூசாரா சொன்னா. கை பாட்டுக்கு அடுக்கிடுச்சு. நான் பொண்ணு கேக்க வரல. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

ஜுமாதிலுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அனார்கான் தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. ஈரலை வீணாக்கவும் மனமில்லை, சம்பந்தப் பேச்சில் மாட்டிக்கொள்ளவும் மனமில்லை. கடைசியில் ஜுமாதில் தீர்ப்புச் சொன்னார். கொழுப்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். "தனித்தனியாச் சாப்பிட்டா அது வெறும் கறி" என்று அங்கிருந்து கத்தினார்.

பெரிசாத் மூன்று துண்டு ஈரல் சாப்பிட்டாள். பெரியவர்கள் சிரித்த சிரிப்பில் மூக்கைச் சுளிக்க மறந்துபோனாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, எங்கே ஆடு அறுத்தாலும் ஈரலைக் கேட்டு வாங்கிவந்தார் புருல்சா. கொழுப்பு மட்டும் வரவே இல்லை. அனார்கான் சாப்பாட்டு விரிப்பில் தேநீர்க் குடுவை வைப்பதை நிறுத்தினார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிந்தபிறகுதான் டீ. வந்த உறவினர்கள், "இந்த வீட்டுல டீகூடக் கிடையாதா?" என்று முணுமுணுத்தார்கள். மாத்திரையைக் கொஞ்சம் கறிச்சாறு குடித்தபின் கொடுத்ததும் வயிற்றில் தங்கியது. பனி உருகும்போது ரத்தம் நூற்றுப்பதினெட்டு. ஜுமாதில் லாரியின் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே பெட்டிக்கடை முன்னால் வந்து நிறுத்தினார். "சம்பந்தியம்மா! நூத்திப்பதினெட்டு!" தெருவே திரும்பிப் பார்த்தது.

புருல்சா சோளக்குச்சி விற்பதை நிறுத்தவில்லை. விற்காவிட்டால் கடை ஓடாது. ஆனால் மதிய வேளையில் யார் கேட்டாலும், "சாப்பிட்டுட்டு வா, அப்புறம் தரேன்" என்பார். வாங்குகிற அம்மாக்களிடம், "இது தின்பண்டம். இதுல இரும்பு இருக்கு, ஆனா இது சாப்பாடு இல்ல" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் பெரிசாத். தலைநகர் பிஷ்கெக்கில் உணவுத் தொழில்நுட்பம் படித்தாள். இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் அதே பொட்டலத்தைச் சோதித்தாள். எழுதியிருந்த இரும்பு உள்ளே இருந்தது. ஒரு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கு. விடுமுறைக்கு வந்தபோது அதைப் போய்ச் சொன்னாள்.

"அப்போ பொய் இல்ல?" என்றார் புருல்சா.

"பொய் இல்லக்கா."

"அதான் எனக்கு ஆறவே இல்ல. பொய்யா இருந்திருந்தா கம்பெனிக்காரனைத் திட்டிட்டுப் போயிருப்பேன். உண்மையை வெச்சுல்ல நான் உன்னைப் பட்டினி போட்டுட்டேன்."

தன்னைத் தேற்றியது எது என்று பெரிசாத்துக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியாது. மாத்திரையாக இருக்கலாம். டீயை நிறுத்தியதாக இருக்கலாம். படித்த படிப்பு மாத்திரை என்கிறது. ஆனால் தன் தவற்றைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வாசல் ஏறி வந்த ஒரு ஆளை அவள் வேறு எங்கும் பார்த்ததில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "போடி, உன் ரத்தத்தைக் குடிச்சவளுக்கு நன்றியா?" என்று விரட்டிவிட்டார்.

போன வசந்தத்தில் புருல்சா இறந்துபோனார். உலுக்மான் ரஷ்யாவிலிருந்து மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, துக்கக் கூடாரத்தின் வாசலில் நின்றான். வருகிற ஆண்கள் தொலைவிலிருந்தே உறவைச் சொல்லி அழுதுகொண்டு வரவேண்டும். "அக்கா" என்று வந்தார்கள், "அத்தை" என்று வந்தார்கள். ஜுமாதில் "என் சம்பந்தியே" என்று கதறிக்கொண்டு வந்தார். இவள்தான் அவர் மகளோ என்று வெளியூர்க்காரர்கள் உலுக்மானின் மனைவியைப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜுமாதில் உலுக்மானைக் கட்டிப்பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு காதோரம் சொன்னார்: "ஈரல் வந்துச்சுடா. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டுல பொண்ணுக்குப் போடுற காதணி வரல. உங்கம்மா எனக்குப் பாக்கி வெச்சிட்டுப் போயிட்டா."

உலுக்மான் அழுகையோடு சிரித்தான். அந்தக் காதணி இன்றுவரை வரவில்லை. ஜுமாதில் வீட்டில் யாரும் அதைக் கேட்கப்போவதும் இல்லை.