'முடிஞ்சது' என்று எப்போது சொல்லலாம்?

போன மாதம் ஒரு சாயங்காலம் கம்பம்மெட்டு மலைச்சாலையில், ஒரு வளைவில் நின்றுகொண்டிருந்தேன். அதே நேரத்தில் தேனியில் உள்ள என் வீட்டுக்கும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன்!

குழப்பமாக இருக்கிறதா? என் மனைவிக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. 'பத்திரமாக வந்து சேர்ந்தாச்சு' என்று என் பெயர் போட்டு அவள் செல்போனுக்கு ஒரு செய்தி. கதவைத் திறந்து பார்த்தால் ஆளைக் காணோம். தெருமுனை டீக்கடை வரை போய்த் தேடியிருக்கிறாள்.

கொஞ்ச தூரம் இறங்கி சிக்னல் கிடைத்ததுமே போன் அடித்தது.

"எங்கன இருக்கீக?"

"இன்னும் மலையிலதான்."

"அப்ப வந்துட்டதா மெசேஜ் வந்துச்சே... அது யாரு?"

நியாயமான கேள்வி. பதிலை முதலில் இருந்து சொல்கிறேன்.

தேனியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் டெஸ்டர் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கட்டியதைத் தட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்கிற வேலை. அப்படி ஒரு வேலை இருந்தால் வீட்டில் யாரும் நம்மோடு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அது வேறு கதை.

கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதன் செயலாளர் பாண்டியம்மாள் அக்கா. போன மழைக்காலத்தில் ஒரு ஜீப் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. மேலே தோட்டத்தில், 'கிளம்பிப் போய்விட்டார்கள்' என்று நினைத்தார்கள். கீழே வீடுகளில், 'இன்னும் கிளம்பவில்லை போல' என்று நினைத்தார்கள். யாருமே தேடவில்லை. கால் ஒடிந்து வெகுநேரம் அங்கே கிடந்தவர்களில் ஒருத்தி பாண்டியம்மாள் அக்காவின் தங்கை. இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறாள்.

"மழைக்கு முன்னால எங்களுக்கு ஒரு ஆப் வேணும்" என்று அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்ததற்குக் காரணம் அதுதான். ஜீப்பில் ஏறியதும் போனில் ஒரு முறை தட்ட வேண்டும். இறங்கியதும் ஒரு முறை. வீட்டுக்குச் செய்தி போய்விடும். அவ்வளவுதான் கேட்டார்.

அவ்வளவுதானா? ஆசை எங்கே ஒன்றோடு நின்றிருக்கிறது! அடுத்த வாரம் வந்தபோது, ஏறும் ஒவ்வொருவரையும் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். அதற்கடுத்த வாரம் மழை நிலவரம். பிறகு டிரைவர்களுக்கு ஸ்டார் மார்க். எங்கள் முதலாளி நல்ல மனிதர். எதைக் கேட்டாலும், "செஞ்சுரலாங்க்கா!"

இந்த ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் எங்கள் டீம் லீட் பாத்திமாவுக்கு முகம் மாறிவிடும். உத்தமபாளையத்துப் பெண். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் எழுந்து, சுவரில் இருந்த போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, நீங்க கேட்டது எல்லாம் இந்தா, இந்த பேக்லாக் பட்டியல்ல இருக்கு. எதையும் தூக்கிப் போடல. ஆனா இது வரிசை. மேல இருக்குறததான் மொதல்ல செய்வோம். எது மேலன்னு நீங்க சொல்லுங்க."

"எல்லாந்தேன் மேல."

"எல்லாமே மேலன்னா மழைக்குள்ள ஒண்ணுமே முடியாதுக்கா."

"முடியாதுன்னு சொல்லவா ஆத்தா இம்புட்டுப் படிச்ச?"

முதலாளி நாற்காலியில் நெளிந்தார். பாத்திமா அசையவில்லை.

"செய்ய மாட்டேன்னு சொல்லலக்கா. இப்பச் செய்ய மாட்டேன்னுதான் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க தங்கச்சி அந்தப் பள்ளத்துல கெடந்தப்ப, உங்க கையில என்ன இருந்திருந்தா தேடிப் போயிருப்பீக? போட்டோவா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வரலன்னு தெரிஞ்சிருந்தாப் போதும். நடந்தாவது போயிருப்பேன்."

பாத்திமா திரும்பி போர்டில் எழுதினாள்: 'ஒரு ஜீப் வரவில்லை என்றால் கீழே இருக்கும் ஒருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.'

சில வாரங்களை ஒரு ஓட்டமாக வைத்து வேலை செய்வது எங்கள் வழக்கம். ஸ்பிரிண்ட் என்போம். அந்த ஓட்டம் எதற்காக என்பதற்கு ஒரு வரி. அது ஸ்பிரிண்ட் கோல். இந்த போர்டு, அதில் வேலைக்கு ஒன்றாக ஒட்டும் அட்டை எல்லாம் ஆபீசுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிற அலங்காரம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். உண்மையில் அவை எதற்கு? 'இது இப்போது வேண்டாம்' என்று முகம் பார்த்துச் சொல்கிற தைரியத்துக்கு!

இன்னொரு வரியும் போர்டில் இருந்தது. 'முடிஞ்சது' என்றால் என்ன என்பதற்கான விளக்கம். சிக்னல் இல்லாத மலைச்சாலையில், நிஜ ஜீப்பில் சோதிக்காத எதுவும் எங்களுக்கு முடிந்த வேலை இல்லை. பாத்திமா பிடிவாதமாக எழுத வைத்தது.

புரோகிராம் எழுதிய கௌதம், ஆபீஸ் வைஃபையில் எல்லாம் ஓடுகிறது என்று அட்டையை முடிந்த பக்கம் நகர்த்திவிட்டான். பாத்திமா அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

"வாங்கண்ணே, மலைக்குப் போவோம்" என்றாள் என்னிடம்.

அப்படித்தான் அந்த வளைவில் நின்றோம். டிரைவரிடம் சொல்லி, வேண்டுமென்றே. வழக்கமாக வீடு சேரும் நேரம் தாண்டும்வரை காத்திருந்தோம். சோதனைக்காக ஆப்பில் கொடுத்திருந்த எங்கள் வீட்டு நம்பர்களுக்கு எச்சரிக்கை போயிருக்க வேண்டும். போனது என்ன? 'பத்திரமாக வந்து சேர்ந்தாச்சு.'

சிக்னல் இல்லாவிட்டால் தினமும் வீட்டில் பதறுவார்களே என்று, நேரம் கடந்ததும் ஆபீஸ் சர்வரிலிருந்து தானாகவே நல்ல செய்தி போகும்படி கௌதம் எழுதியிருந்தான். நல்ல எண்ணம்தான்.

இறங்கும்போது பாத்திமா வெளியே பார்த்தபடி சொன்னாள்: "நம்ம இந்தப் பள்ளத்துல கெடந்திருந்தாலும் இதே மெசேஜ்தான் போயிருக்கும்ணே."

நான் அந்த வரியை அப்படியே என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை கம்பத்தில் சங்கத்துப் பெண்களுக்கு டெமோ என்று முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார். "வைஃபைல ஓட்டிக் காட்டிருவோம் பாத்திமா. டெமோ தானே? அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம்."

"நாளைக்கே அவுக போன்ல ஏத்திக் குடுங்கன்னு கேப்பாக சார். தராம இருப்பீங்களா? வந்துட்டாகன்னு இத நம்பி ஒரு வீட்டுல தேடாம உக்காந்துட்டா... நான் காட்ட மாட்டேன்."

முதலாளி நீண்ட பெருமூச்சு விட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் எங்களோடு கம்பத்துக்கு வந்தார்.

தோட்ட வேலை முடிந்து களைத்து வந்து உட்கார்ந்திருந்த பெண்களின் முன்னால் நின்று, பாத்திமா உள்ளதைச் சொன்னாள். வேலை முடியவில்லை, ஏன் முடியவில்லை, எப்படிச் சோதித்தோம், என்ன தப்பு. முணுமுணுப்பு எழுந்தது. "இதச் சொல்லவா எங்களக் கூப்பிட்டீக?" என்று ஒரு குரல். எங்கள் பாண்டியம்மாள் அக்காவின் முகத்திலும் சிரிப்பில்லை.

"மழை வந்துரும்த்தா" என்றார்.

"அதுக்குள்ள முடிச்சிருவோம். முடிஞ்சப்பறம்தான் முடிஞ்சதுன்னு சொல்லுவேன்க்கா."

பிறகு யாரும் புதிதாக எதையும் கேட்கவில்லை, நாங்களும் சேர்க்கவில்லை. கௌதம் எழுதினதைத் தலைகீழாக்கினான். செய்தி வராவிட்டால் நலம் என்றிருந்ததை, செய்தி வராவிட்டால் ஆபத்து என்று. எங்களோடு அவனும் மலையேறினான். மறுபடி தவறியது. மறுபடி ஏறினோம். ஒரு நாள் மாலை, மலையில் நின்ற எங்களுக்காகக் கீழே எல்லா வீட்டுப் போனும் சரியாக அலறியது. அட்டையைக் கௌதமையே நகர்த்தச் சொன்னாள் பாத்திமா.

முதல் மழை பெய்த வாரம். ஒரு ஜீப் நேரத்துக்குக் கம்பம் திரும்பவில்லை. பாண்டியம்மாள் அக்காவின் போன் அலறியது. அவர் யாரையும் கேட்கவில்லை. இன்னொரு ஜீப்பை எடுக்க வைத்து, தானே ஏறிப் போனார்.

பாதி மலையில் அச்சு முறிந்து, சரிந்த மண்ணை ஒட்டி நின்றிருந்தது ஜீப். உள்ளே எல்லாரும் நனைந்து, ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் எங்கள் ஆபீசுக்கு ஒரே புகார். தெருவே கூடிவிட்டதாம், மாமியார் அழுது ஊரைக் கூட்டிவிட்டாராம், இவ்வளவு சத்தமாகவா அலற வேண்டும் என்று அந்த ஜீப்பில் வந்த பெண்கள் ஆளாளுக்குப் போன் போட்டுத் திட்டினார்கள்.

திட்டட்டும்... எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்துதான் திட்டினார்கள்!