வலது பக்கம் உட்கார்ந்த டிரைவர்

என் அண்ணனிடம் எதைச் சொல்வதானாலும் அவருடைய வலது பக்கமாகப் போய்ச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். முதலில் விஜயந்தா, பிறகு ரஷ்யாவிலிருந்து வந்த டி-55. ஒரு டாங்கி தீப்பிடித்த நாளில் கூட்டாளியும் போனார், அண்ணனின் இடது காதும் போனது. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. அந்த இரண்டு வகை டாங்கிகளையும் ராணுவம் எப்போதோ ஓரங்கட்டிவிட்டது. சில ஊர்களில் பெயிண்ட் அடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றைக் கண்டால் அண்ணன் பஸ் ஜன்னல் வழியே அது மறையும் வரை பார்ப்பார்.

ஓய்வு பெற்று எங்கள் சொந்த ஊர் குன்னத்தூருக்கு வந்தவர் தோட்டத்து வேலையோடு ஒட்டவில்லை. கேட்டது ஒன்றாக இருக்கும், பதில் ஒன்றாக இருக்கும். குண்டுச் சத்தத்தில் மூளை கலங்கிவிட்டது என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் நடத்தும் பனியன் யூனிட்டுக்குக் கூட்டிவந்து செக்கிங் மேசையில் உட்காரவைத்தேன். கறை, ஓட்டை, விட்டுப்போன தையல், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவைப்பார். அவர் ஒட்டினால் ஒட்டியதுதான், யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஊரில் குனிந்த தலை அந்த மேசையில்தான் நிமிர்ந்திருந்தது.

போன வருடம் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் ஒரு பச்சை டாங்கி, அதிலிருந்து தலையை நீட்டிச் சிரிக்கும் குட்டி டிரைவர். மாலையில் தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப வேண்டும். மத்தியானம் செக்கிங்கில் இருந்த திருநெல்வேலிப் பெண் ஓடிவந்தாள்.

“அக்கா, அண்ணாச்சி எல்லா பீஸையும் தள்ளிட்டாவ. நல்லாத்தான் இருக்கு, கேட்டா தப்புங்காவ.”

போய்ப் பார்த்தால் உண்மைதான். மேசை நிறைய டி-ஷர்ட், எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு, எல்லா அம்பும் அந்தச் சிரிக்கும் டிரைவரின் கழுத்தடியில்.

“ஏனுங்ணா, என்ன குறை?”

“இங்க ஆளு உக்கார மாட்டாங்க அம்மிணி. சக்கரத்தப் பாரு, மொதச் சக்கரத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவால எடம் உட்டிருக்குது. இது டி-55. இதுல டிரைவரு எடது பக்கந்தான். விஜயந்தாவுலதான் வலது பக்கம். இதுல அங்க குண்டும் டீசலும் வெப்பாங்க. இந்தப் பையனப் புடிச்சு அதுமேல உக்கார வெச்சிருக்கறாங்க.”

அந்தக் குட்டி டிரைவரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அதைப் பார்த்தும் நான் நிற்கவில்லை. லாரிக்கு நேரமாகிறது என்று ஸ்டிக்கர்களைப் பிய்த்துக்கொண்டே மேசையைச் சுற்றிப் போனேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகிற வாய்.

“பட்டாளம் முடிஞ்சு போச்சுங்ணா. உங்க மண்டைதான் இன்னும் அங்கயே நிக்குது. சனம் சொல்றது சரிதான்.”

அப்போது நான் அவருடைய இடது பக்கம் இருந்தேன். அவருக்குக் கேட்கவில்லை. செக்கிங் பெண்கள் தலையைக் குனிந்ததை மட்டும் பார்த்தார்.

“என்ன சொன்னே கண்ணு?”

ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சுற்றி வலது பக்கம் வந்து, அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அண்ணன் மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருளை மேசைமேல் வைத்தார். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டார். “செரிங்க,” என்றார். கூடப் பிறந்த என்னிடம் அவர் அதுவரை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

லாரி போயிற்று. மூன்றாம் நாள் பிரிண்டிங் மாஸ்டர், ஃபைலில் இருந்த அப்ரூவல் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் டாங்கி ஒரு பக்கம் பார்த்தது, நாங்கள் அனுப்பியதில் மறுபக்கம். ஸ்கிரீன் செய்யும்போது ஃபிலிமைத் திருப்பி வைத்துவிட்டார்கள், கண்ணாடியில் தெரிவதுபோலப் படம் இடவலம் மாறி, இடது பக்கம் இருந்த டிரைவர் வலது பக்கம் வந்துவிட்டான். கறையும் ஓட்டையும் தேடிய எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. வாங்கியவர்களுக்கும் தெரியவில்லை, ஒரு புகாரும் வரவில்லை.

அன்றே குன்னத்தூர் போயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலை வந்தது. உண்மையைச் சொன்னால், வேலை இல்லாத ஞாயிறும் வந்தது, அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. போனில் பேசினால் அவருக்குச் சரியாகக் கேட்காது என்று ஒரு சாக்கு வேறு. இப்படியே ஐந்து வாரம் போயிற்று. பிறகு ஒரு காலையில் அண்ணன் மனைவி போன் செய்தார். நங்கை என்று கூப்பிடுவேன். கிணற்றடியில் விழுந்த அண்ணன் எழவில்லை என்றார்.

வாசலில் பந்தலுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். நங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“வேலைய ஏனுங்க உட்டுப்போட்டீங்கன்னு கேட்டேன் அம்மிணி. கண்ணு மங்கிப் போச்சு, இனி செக்கிங் பாக்க முடியாதுன்னு சொன்னாரு.”

என்னைப் பற்றி அண்ணன் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. பெண்கள் எல்லோரும் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து, தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்க் குனிந்தேன்.

“அண்ணா, நீங்க சொன்னதுதானுங்க சரி. படந்தான் திரும்பிப் போச்சு.”

அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில் சொன்னேன்.