தளர்ந்த அரைஞாண் கயிறு

மகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது தர்மபுரியில் அம்மா வீட்டிலிருந்து மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் புகுந்த வீட்டுக்கு வந்தேன். புறப்படும்போது அம்மா அவள் இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டு, "சீக்கிரமே இறுகிப்போயிடும். பாத்து அவுத்துக் கட்டு" என்றாள்.

கயிறு இறுகவில்லை. சில வாரங்கள் போன பிறகு ஒருநாள் குளிப்பாட்டும்போது அது நழுவி இடுப்பெலும்புக்குக் கீழே வந்து நின்றது. புதுக் கயிறு, நனைந்து நீண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காய்ந்த பிறகும் என் விரல்கள் தாராளமாக உள்ளே போயின. அன்றிலிருந்து குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் என் விரல் தானாக அந்தக் கயிற்றுக்குள் போய்ப் பார்க்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்களோ என்பதைவிட, சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்ற பயம்தான் பெரிது.

பால் வற்றிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். பூண்டும் முருங்கைக்கீரையும் தின்றேன். பாப்பா நாலு வாய் குடிப்பாள், அழுவாள், களைத்துத் தூங்கிப்போவாள். எழுந்ததும் மறுபடி அழுகை.

எட்டாவது வரை படித்தவள் நான். அந்த ஊரில் அதுவே ஒரு குற்றச்சாட்டு மாதிரி. வந்த புதிதில் கிணற்றடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "படிச்ச பொண்ணு. குந்திக்கினு தின்னப்போவுது, பாரேன்" என்றது என் காதில் விழுந்தது. நான் உட்கார்ந்திருப்பதை இனி யாரும் பார்க்கக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். சாணம் அள்ளினேன். தண்ணீர் சேந்தினேன். வாசல் கூட்டினேன். களி கிண்டினேன். பொழுது சாயும்போது செய்த வேலைகளை மனத்துக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். வரிசை நீளமாக இருந்தால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்காமல் இருக்கும்.

அதோடு இன்னொன்று. மாமியார் உள்ளே வந்தால் மருமகள் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது மரியாதை. அம்மாவும் அப்படித்தான் நின்றாள். எனக்கும் அதையே சொல்லி அனுப்பினாள். அத்தையின் நிழல் வாசற்படியில் விழுந்ததுமே பாப்பாவை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்துவிடுவேன். எழுந்த பிறகு சும்மா நிற்க முடியுமா? துடைப்பத்தையோ முறத்தையோ கையில் எடுத்துக்கொள்வேன். அத்தையோ ஓர் இடத்தில் நிற்கிறவர் இல்லை.

நான் செய்த வேலைகள் எப்படி இருந்தன என்று அப்போது யோசிக்கவே இல்லை. என் ஓரகத்தியை, கணவரின் அண்ணன் மனைவியை, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். களி பாதி வேகும்போது குழந்தை அழும். நான் ஓடுவேன். திரும்பி வருவதற்குள் கட்டி தட்டிப்போயிருக்கும். அக்கா வெந்நீர் ஊற்றித் துடுப்பால் மறுபடி கிண்டுவார்.

"இன்னா தங்கச்சி, களியா, கல்லா? மாமனாருக்குப் பல்லு ஏற்கெனவே ஆடிக்கினு இருக்குது" என்பார்.

நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு இன்னும் வேகமாக ஓடுவேன்.

உலகச் சண்டை நடந்த காலம் அது. துணி கிடைப்பது அரிதாக இருந்தது. அக்காவின் கிழிந்த சேலையில் நன்றாயிருந்த பகுதியை வெட்டி அவருக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். பள்ளிக்கூடத்தில் வெட்டவும் தைக்கவும் கற்றிருந்தேன். அதில் மட்டும் கை தடுமாறாது. ஆனால் தைப்பது உட்கார்ந்து செய்கிற வேலை. அதனால் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, திருட்டுத்தனம் போலத் தைத்து முடித்தேன்.

ஒருநாள் மத்தியானம் வாசலில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. நான் உள்ளே பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மலைப் பக்கம் மேகம் திரண்டு வந்ததும் அத்தை சாக்கு எடுக்க உள்ளே வந்தார். எழுந்தேன். அவர் போனார், உட்கார்ந்தேன். துடைப்பத்துக்கு வந்தார். எழுந்தேன். படல் கட்டும் கயிற்றுக்கு மறுபடி வந்தபோது பாப்பா மூச்சுப் பிடித்துக்கொண்டு அலறினாள். அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, ஒவ்வொரு தபாவும் என்னாத்துக்குத் துள்ளி எந்திரிக்கற? நான் என்னா தாசில்தாரா?"

"இல்லீங்க அத்தை. நீங்க நிக்கும்போது நான் குந்தியிருந்தா..."

"குந்தியிருந்தா கூரை வுழுந்துடுமா? புள்ள வாயிலேருந்து புடுங்கிப்புட்டு எனக்கு மருவாதி குடுக்கறாளாம்! டவுனுப் பொண்ணு, பால் குடுக்க இஷ்டமில்லாமத்தான் எந்திரிச்சிக்கறாளாட்டம் இருக்குதுன்னு நெனச்சிக்கினு நான் வாய மூடிக்கினு இருந்தேன்."

இத்தனை நாளாக இவர் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது இதுவா?

வாசலில் கேழ்வரகை ஒதுக்கிக்கொண்டிருந்த அக்காவின் குரல் வந்தது. "ஏனுங்க அத்தை, மொத வருசம் நான் எந்திரிக்கலன்னு என்னா பேச்சு பேசுனீங்க? அதையும் சொல்லுங்க."

"அப்ப உன் மடியில புள்ளயா இருந்துச்சி? வாயிதான் இருந்துச்சி. மழ வருது, வாரு!"

அத்தை வெளியே ஓடினார். கூரையில் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்டது. ஒரு வருஷச் சாப்பாடு வாசலில் கிடக்கிறது, மருமகள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊர் சொல்லும். எழ வேண்டும் என்று கால் சொன்னது. விரல் அரைஞாண் கயிற்றுக்குள் போயிற்று. அது முன்னைவிடத் தளர்ந்திருந்தது.

உட்கார்ந்தேன்.

முதலில் பாப்பா நம்பவில்லை. பற்றுவதும் விடுவதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். பிறகு குடித்தாள். வழக்கமாக நான் எழுந்துவிடும் நேரத்தையும் தாண்டிக் குடித்துக்கொண்டே இருந்தாள். மடக் மடக்கென்று அவள் விழுங்குவதை அன்றுதான் கேட்டேன். பால் வற்றவில்லை. அது இறங்கி வரும்வரை நான் உட்கார்ந்திருந்ததே இல்லை.

ஓரத்தில் கொஞ்சம் நனைந்தது தவிர, கேழ்வரகு நான் இல்லாமலே உள்ளே வந்து சேர்ந்திருந்தது. அது ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் களியை அக்கா மறுபடி கிண்டினார். நான் கூட்டிய வாசலை அத்தை மறுபடி கூட்டினார். அந்த ரவிக்கையை மட்டும் யாரும் பிரித்துத் தைக்கவில்லை.

மறுநாள் இதை அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"தண்ணியும் களியும் என்னுது. நீ கிண்டி நான் கிண்டறதுக்கு, நானே கிண்டிட்டுப் போறேன். நீ புள்ளயப் பாத்துக்க, வூட்டுக் கந்தலெல்லாம் தெச்சிக் குடு. எனுக்கு இன்னொரு ரவிக்கை வேணும். கை கொஞ்சம் லூசா வெய்யி, போன தபா தெச்சதுல கையத் தூக்க முடியல."

எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. கூடத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து பட்டப்பகலில் தைப்பேன். கிணற்றுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் ஊசி விரலில் ஏறிவிடும். அவர்களில் ஒருத்தி கிழிந்த பாவாடையோடு வந்து நின்றபோதுகூட, வேவு பார்க்க வந்திருக்கிறாளோ என்றுதான் நினைத்தேன். கயிறு இறங்குவது நின்றது. ஆனால் ஏறவும் இல்லை. முடிச்சுதான் இறுகியிருக்குமோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

பிறகு ஒரு காலையில் எண்ணெய் தேய்க்கும்போது என் விரல் உள்ளே போகவில்லை. கயிற்றை விலக்கிப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி மெல்லிய சிவப்புத் தடம்.

அதற்கும் பயந்துபோய் அத்தையைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "அடி கூறுகெட்டவளே, புள்ள சதை வெச்சிருக்குது. கத்திரிய எடு" என்றார்.

தையல் கத்திரியால் பழைய கயிற்றை நான்தான் வெட்டினேன். அத்தை எதிரில் நின்றபடியே புதுக் கயிற்றை அளந்து முடிச்சுப் போட்டார். பாப்பா என் மடியில் இருந்தாள். நான் எழவில்லை. கால் விரல்கள் மட்டும், எழத் தயாராக, தரையை அழுத்திக்கொண்டிருந்தன.