உப்புப் பார்க்க ஓர் ஆள்

சேக் பரீத் மாஸ்டரைப் பற்றிக் கேட்டால் உத்தமபாளையத்தில் எல்லோரும் அவருடைய பிரியாணியைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் பேசுவேன். ஆனால் ஊரில் யாரும் சாப்பிடாத பக்குவத்தில் நான் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். அரிசி போடுவதற்கு முன்னால், அடுப்படியில் நின்று, உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிட்டேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் அந்த மனிதர் யார் என்று புரியும்.

மாஸ்டர் பிறந்தது கம்பத்தில். இளவட்டத்தில் குமுளிக்குப் போய் ஓட்டலில் மேசை துடைத்தார். அங்கிருந்து கோட்டயம், எர்ணாகுளம் என்று அடுப்படி அடுப்படியாக மாறித் தொழில் படித்தார். கல்யாணத்துக்கு ஊர் திரும்பியவரிடம் லத்திபா அக்கா, "இனி மலையேறிப் போனீகன்னா நான் எங்க அத்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டதால் எங்கள் உத்தமபாளையத்தில் குடியேறிக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்தார். மலையாளத்தில் அவரிடம் மிஞ்சியது ஒரே வார்த்தைதான். சாரமில்ல. பரவாயில்லை என்று அர்த்தம். அரிசி மட்டமாக வந்தாலும் சாரமில்ல, பேசிய கூலியில் பாதியை இழுத்தடித்தாலும் சாரமில்ல. அதைக் கேட்டாலே லத்திபா அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊரில் ஒரு சேவைச் சங்கம் இருக்கிறது. முல்லைச்சாரல் சேவைச் சங்கம் என்று பெயர். உரக்கடைக்காரர், ஏலக்காய் வியாபாரி, அச்சகம் வைத்திருப்பவர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று நாலு காசு பார்த்தவர்களின் கூட்டம். அவர்களுடைய பதவியேற்பு விழாவுக்குச் சமைக்கப் போன மாஸ்டரை அப்படியே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். சமையல் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் சேர்த்தோம் என்று சங்கத்துச் செயலாளர் தவசி இன்றைக்கும் கிண்டலடிப்பார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

எனக்கு அந்தச் சங்கத்தைக் கண்டாலே ஆகாது. நான் அங்கன்வாடி டீச்சர். ஒரு தடவை எங்கள் பிள்ளைகளுக்குச் சிலேட்டுக் கொடுக்க வந்தார்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஒரு சிலேட்டை ஏழு பேர் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"சிலேட்டு ரொம்பக் கனமா இருக்கோ சார்? ஏழு பேரு தூக்குறீக?" என்று கேட்டுவிட்டேன்.

அன்றையிலிருந்து அந்தச் சங்கத்தில் என் பெயர் மலையம்மாள் இல்லை, சிலேட்டு டீச்சர்.

இரண்டாயிரத்து ஒன்றில் என் மகள் ஜோதிலட்சுமிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். உதடு நீலம் பாரித்துப் போகும். சத்துக் குறைச்சல் என்று நினைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சத்துமாவு கொடுக்கிற நான் என் பிள்ளைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் இதயத்தில் ஓட்டை என்று சொன்னார்கள். தள்ளிப்போட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். டிசம்பரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்குள் பணம் கட்ட வேண்டும்.

என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி ஜீப் டிரைவர். இருந்த நகையை விற்றோம், பத்தவில்லை. நான் யாரிடமும் கை நீட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். அவர் எனக்குத் தெரியாமல் போய்த் தவசியிடம் அழுதிருக்கிறார். தெரிந்ததும் வீட்டில் அவரை நான் பேசாத பேச்சில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் அந்தப் போட்டோக்காரர்கள் நடுவில் நிறுத்துவதா என்று கத்தினேன். ஜோதி கட்டிலில் படுத்தபடி, "கத்தாதம்மா, எனக்கு நெஞ்சு படபடங்குது" என்றாள். அத்தோடு என் வாய் அடங்கிவிட்டது.

பிரியாணி போட்டு டோக்கன் விற்றுப் பணம் சேர்ப்பது என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு. இந்தத் தேதியைக் குறித்த கதை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

தலைவர் ராஜா முகம்மதுவுக்கு அது நோன்பு மாதம் என்று தெரியும். ஆனால் ஓர் உயிர் விஷயம் பேசும்போது நம்ம நோன்பைக் காரணம் காட்டித் தேதியை மாற்றச் சொல்வதா என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். நம்ம ஆளுக சாப்பிடாட்டி என்ன, அவுக ஆளுக வாங்குவாக என்று நினைத்தாராம். தவசிக்கு அது கார்த்திகை என்று தெரியும். சபரிமலைக்குப் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் ஊரில் கார்த்திகை பிறந்தால் வீட்டுக்கு ஒருவர் மாலை போட்டுவிடுவார். அவர் மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றுகிற வரைக்கும் அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. தவசியும் அதே கூச்சத்தில், நம்ம ஆளுக மாலை போட்டா என்ன, பாய்மாருக வாங்குவாக என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார். டோக்கன் அடித்துக் கொடுத்த பொன்னுராஜ் ராயப்பன்பட்டிக்காரர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அவருக்கு இரண்டுமே தெரியும். பெரியவர்கள் இரண்டு பேரும் சம்மதித்த பிறகு நடுவில் நான் என்ன சொல்வது என்று அவரும் அடித்துக் கொடுத்துவிட்டார். ஒருத்தர் மனசு ஒருத்தர் கோணக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, ஊரே சாப்பிட முடியாத நாளில் பிரியாணி போட முடிவெடுத்த கூட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

டோக்கனைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இந்தப் பக்கம் போனால் சாமி மாலை, அந்தப் பக்கம் போனால் நோன்பு. கேள்விப்பட்ட எனக்கு, என் பிள்ளை உயிர் இவர்களுக்கு விளையாட்டாகப் போய்விட்டதா என்று ஆத்திரமாக வந்தது.

மாஸ்டர் தேதி குறித்த கூட்டத்தில் இல்லை. போடியில் ஒரு வீட்டு விசேஷத்துக்குச் சமைக்கப் போயிருந்தார். திரும்பி வந்து விவரத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் எழுந்து, "மத்தியானத்தச் சாயங்காலமாக்குங்க. நோன்பு தெறக்குறவுகளுக்கு ராத்திரிச் சாப்பாடு வேணும்ல?" என்றாராம். மறுநாளிலிருந்து பழைய டி.வி.எஸ். வண்டியில் கம்பம், புதுப்பட்டி, உத்தமபாளையம் என்று பள்ளிவாசல் தெருக்களில் அவரே டோக்கன் கொண்டுபோனார். மாலை போட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. எங்க வீட்டுக்குள்ளதான் வரக் கூடாது, நோன்பு தெறக்குற வீட்டுக்குக் கொடுங்க என்று சொல்லி டோக்கன் வாங்கினார்கள். அப்படியும் பாதிக்கு மேல் மிச்சம். அன்றைக்குப் பந்தலில் வைத்து விற்றால்தான் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஜீப்பில் சாமிமார்களை ஏற்றிக்கொண்டு பம்பைக்குப் போயிருந்தார். வருஷா வருஷம் மாலை போடுகிறவர், அந்த வருஷம் சாமியோடு கோபித்துக்கொண்டு போடவில்லை. வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மாஸ்டர். தோளில் துண்டு, முகமெல்லாம் புகை, உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஆத்தா, ஒரு ஒத்தாச பண்ணணும்."

"உங்களுக்கு ஒத்தாச பண்ண எங்ககிட்ட என்ன பாய் இருக்கு?"

"நாக்கு இருக்குல்ல. ஊரறிஞ்ச நாக்கு." சிரித்தார். "மசாலா கொதிச்சுக்கிட்டு நிக்கிது. நாங்க பூராம் நோன்பு. தவசியண்ணன் ஆளுக பூராம் மாலை. உப்புப் பாக்க ஆளில்ல ஆத்தா. உப்பு ஒரு பங்கு கொறஞ்சாலும் கூடுனாலும் மிச்ச டோக்கன் போகாது. செத்த வந்துட்டுப் போங்க."

நான் வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜோதி எழுந்து உட்கார்ந்து, "போம்மா. பாவம், அவுகளே தண்ணி குடிக்காம இருக்காக" என்றாள். பக்கத்து வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

பந்தலில் இரண்டு பெரிய தேக்சாக்கள் அடுப்பில் இருந்தன. கறுப்பு வேட்டிக்காரர்கள் வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டிருந்தார்கள், தொப்பிக்காரர்கள் விறகு தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ பெரிய அதிகாரி மாதிரி எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். மாஸ்டர் கரண்டியில் கொஞ்சம் மசாலா எடுத்து, ஊதி ஆற்றி, என் உள்ளங்கையில் விட்டார். நாக்கில் வைத்தேன். பிள்ளைக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு மண்ணாகத்தான் இருந்தது. எதைத் தின்றேன் எதைத் தின்னவில்லை என்று கூட ஞாபகமில்லை. அன்றைக்குத்தான் நாக்குக்கு ருசி தெரிந்தது.

"உப்பு ஏறணும் பாய்."

ஒரு கை அள்ளிப் போட்டுக் கிண்டினார். மறுபடியும் உள்ளங்கையில் விட்டார்.

"இன்னும் ஒரு பிடி."

போட்டார். மூன்றாவது தடவை வாயில் வைத்ததும், "இப்ப நல்லாருக்கு" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவரும் புகைதான் என்று சொல்லி அரிசியைப் போடச் சொன்னார்.

வீட்டுக்குப் போகவில்லை. லத்திபா அக்காவோடு உட்கார்ந்து வாழை இலையைத் துடைத்துப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் கவனித்தேன். பந்தல் ஓரத்தில் பொன்னுராஜ் ஒரு கையில் டீயும் ஒரு கையில் வடையுமாக நிற்கிறார். நோன்பும் இல்லை, மாலையும் இல்லை.

"ஏன் அக்கா, பொன்னுராசு அண்ணன் சும்மாதான நிக்கிறாக? அவுகள உப்புப் பாக்கச் சொல்ல வேண்டியதுதான?"

அக்கா குரலைத் தணித்தாள். "காலைலருந்து கரண்டியோடதான் நின்னாக. இவுகதான் வேணாம்னுட்டாக. புள்ளையப் பெத்தவ வீட்டுக்குள்ள உக்காந்து ஊரு சோறு போடுதேன்னு கூசிக்கிட்டுக் கெடப்பா, அவ கையும் இதுல இருக்கட்டும்னாக."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர் தம் போட்ட தேக்சாவின் மூடிமேல் தணலை அள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. ஏழு பேர் பிடித்த சிலேட்டைப் பேசிய நான் அடுத்த இலையை எடுத்துத் துடைத்தேன். கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும், நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவளையும் கொடுக்கிறவளாக்கி உட்கார வைத்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாங்கு சொன்னதும் கூட்டம் வந்தது. நோன்புக் கஞ்சியைக் குடித்துவிட்டு நேராகப் பந்தலுக்கு வந்தார்கள். வாங்கிப் போனவர்கள் தெருவில் சொல்ல, இன்னும் ஆள் வந்தது. தேக்சாவின் அடியைச் சுரண்டிக் கடைசிப் பொட்டலத்தைக் கட்டினோம். பணம் சேர்ந்துவிட்டது என்று தவசி மைக்கில் சொன்னபோது கறுப்பு வேட்டியும் தொப்பியும் சேர்ந்து கை தட்டின.

ஆபரேஷன் அன்றைக்கு மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். சங்கத்தில் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாஸ்டர் முதல் பஸ்ஸுக்கே வந்தவர் போகவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, மார்க்கெட்டில் ஒரு வேலை இருந்தது என்றார். மார்க்கெட்டுக்கு அவர் எழுந்து போகவே இல்லை. என் வீட்டுக்காரர் மருந்துச் சீட்டோடு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் பிள்ளையை வெளியே கொண்டுவந்து வேறோர் அறைக்கு மாற்றினார்கள். ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். பொழுது சாயும் நேரத்தில் நர்ஸ் வந்து அம்மா மட்டும் வாங்க என்று கூப்பிட்டாள்.

உள்ளே போனேன். மூக்கில் குழாய், கையில் குழாய். "ஜோதி" என்றேன். இமை அசைந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். நீலம் இல்லை.

வெளியே வந்தபோது வராந்தா விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும், எதிரே பெட்டிக்கடையில் நோன்பு திறந்தவர்கள் டீயும் குடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மட்டும் பெஞ்சில் அப்படியே இருந்தார். மடியில் பேரீச்சம்பழப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. எனக்குப் பதறிப்போய்விட்டது. என் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்து, "பாங்கு சொல்லியாச்சே பாய், குடிங்க" என்றேன்.

வாங்கி மூடியைத் திறந்தவர் குடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"புள்ள முழிச்சிருச்சா ஆத்தா?"

"முழிச்சிருச்சு."

அதற்குப் பிறகுதான் தண்ணீரைக் குடித்தார்.