கவ்வாத்து போட்ட சைப்ரஸ்

என் மகன் பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் தடவை லீவில் வந்தபோது இரண்டு சைப்ரஸ் கன்றுகளோடு வந்தான். ஒன்று எனக்கு, மற்றது அவன் சித்திக்கு. பஸ்ஸில் இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று வாங்கியிருந்தால் போதாதா என்று தோன்றாமல் இல்லை.

சித்தி என்பவள் என் கணவரின் தம்பி மனைவி. ஹல்துமுல்லைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் லயத்து வரிசை அறைகளை விட்டுத் தனி வீடுகளுக்கு மாறியபோது, அண்ணனுக்கும் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்திலேயே வீடு அமைந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் நாங்கள் காலையில் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டு, சாயங்காலம் இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போவோம். என் மகன் முதல் அடி எடுத்து வைத்ததை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள். அவனுக்கு ரசம் பிடிக்காது என்பதை எனக்குச் சொன்னவளும் அவள்தான். "பெத்தது நீ, வளத்தது அவ" என்று யாராவது விளையாட்டாகச் சொன்னால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூத்த மருமகள் என்ற உரிமையில் உயரமான கன்றை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்குக் குட்டைக் கன்றுதான் மிஞ்சியது.

"எதுவா இருந்தா என்னாக்கா, நம்ம புள்ள வாங்கியாந்ததுதானே" என்றாள்.

அந்த 'நம்ம' எனக்குப் பிடிக்கவில்லை.

என் கன்றுக்கு நான் செய்யாத பணிவிடை இல்லை. ஆழமாகக் குழி வெட்டி, காய்ந்த சாணத்தை உதிர்த்துப் போட்டு நட்டேன். அரிசி கழுவின தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றினேன். கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் பழைய சேலையைக் கிழித்து, முட்டுக் கொடுத்த கம்போடு சேர்த்துக் கட்டினேன். அவளோ நட்டதோடு சரி. தண்ணீர் ஊற்றினாளா என்பதே சந்தேகம். மரம் என்னவோ அவள் பக்கம்தான் இருந்தது. என்னுடையது ஒல்லிப்பிச்சானாக வானத்தைப் பார்த்துப் போனது. அடிப்பக்கம் மஞ்சள் பிடித்தது. அவளுடையது அடியிலிருந்து நுனிவரை கோபுரம் மாதிரி திரண்டு, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் வளர்ந்தது. அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அவர்களைப் பார்த்தேன்.

மார்கழி மாதத்தில் வேதக்கார வீட்டுப் பிள்ளைகள் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, சோடிக்கக் கிளை கேட்டு வருவார்கள். நான் என் மரத்தில் கைவைக்க விட்டதில்லை. அவள் சுற்றி வந்து நுனி நுனியாக ஒடித்துக் கை நிறையக் கொடுப்பாள். மொட்டையாகப் போகட்டும் என்று நானும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். போகவில்லை. ஒடித்த ஒவ்வொரு நுனியிலும் புதிதாகத் தழைத்து, முன்னைவிட அடர்ந்தது.

சில வருஷம் போய் மகனுக்குப் பதுளையிலேயே ஒரு பெண் அமைந்தாள். தைப்பொங்கல் கழிந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாகப் பேச்சு. ஐப்பசியிலேயே மகன் போன் பண்ணினான்.

"அம்மா, அவங்க வாறப்ப சித்தி வீட்டு மரத்துக்கிட்ட கதிரை போட்டு வைங்க. படம் எடுத்தா நல்லாருக்கும்."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். என் மகனுக்கு நடக்கும் முதல் நல்ல காரியம். அதன் படத்தில் என் வாசல் இருக்காது, அவள் வாசல் இருக்கும். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து இது யார் வீடு என்று கேட்பார்கள்.

என் கணவர் தோட்டத்தில் பேர் எடுத்த கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கட்டையாக நிறுத்துவார். பார்க்கிறவர்கள் செடி செத்தது என்றுதான் நினைப்பார்கள். கொஞ்ச நாளில் கட்டையைப் பிளந்துகொண்டு தளிர் வரும். ஆயுள் முழுக்க எங்கள் கண் பார்த்தது அதைத்தான். அதனால் நான் அவரிடம், "அவ மரத்துல ஒடிச்ச எடமெல்லாம் தழைக்குது. நம்ம மரத்துக்கும் கவ்வாத்து போடுங்க" என்றேன்.

"போட்டுருவோம். தைக்குள்ள பாரு, அவ மரம் பிச்சை வாங்கணும்" என்றார்.

கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, இடுப்பளவில் சாய்வாக ஒரே வெட்டு. பக்கக் கிளைகளையும் பச்சை ஒன்று விடாமல் பழுப்புக் கட்டை வரைக்கும் வெட்டி இறக்கினார். வெட்டு அவ்வளவு சுத்தம். நாங்கள் இருவரும் எட்டி நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

சைப்ரஸ் தேயிலை இல்லை. அதன் பச்சை நுனியை ஒடித்தால் தழைக்கும், பழங்கட்டைக்கு இறங்கிவிட்டால் அதோடு முடிந்தது. இதை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. வெட்டின இடத்தில் பிசின் வடிந்து காய்ந்தது. கணவர் தினமும் வேலைக்குப் போகும் முன் கட்டையைத் தடவிப் பார்ப்பார். "வந்துரும்" என்பார். மார்கழி போய்த் தையும் வந்தது. மரம் வரவில்லை.

பெண் வீட்டார் வரும் நாள் காலையில் அவன் சித்தி தன் மரத்தில் ஒரு கட்டுக் கிளை ஒடித்து வந்து, என்னைக் கேட்காமலே என் வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கட்டினாள். என் மகன் கட்டையைப் பார்த்துவிட்டு, "என்னாச்சும்மா?" என்றான். "கவ்வாத்து போட்டோம்" என்றேன். படம் அவள் மரத்தடியில்தான் எடுத்தார்கள். அவன் என்னை ஒரு பக்கமும் அவளை ஒரு பக்கமும் நிறுத்திக்கொண்டான். பெண்ணின் அம்மா மரத்தை நிமிர்ந்து பார்த்து, "எவ்வளவு லட்சணமா வளத்திருக்கீங்க" என்று அவளிடம் சொன்னார். நான் படத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்து, நானும் அவளும் குழாயடியில் கோப்பைகளைக் கழுவினோம்.

"ஏன்க்கா ஒங்க மொகம் காலையிலருந்து ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள்.

"ஒன் மரத்தப் பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்றேன். இத்தனை நாள் அடக்கினது வாயில் வந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. கையிலிருந்த கோப்பையை அலசிக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு அவன் மடுவத்துக்கு வந்த நாள்லருந்தே எரியுதுக்கா. பகல் பூரா என் மடியில கெடப்பான். சாயங்காலம் நீங்க மலையால எறங்கி வாறதப் பாத்ததும் என்னை விட்டுட்டு ஓடுவான். ஒரு நாளாவது அவன் திரும்பிப் பாத்ததில்ல."

நான் பார்த்ததெல்லாம் அவன் என்னிடம் ஓடி வந்ததைத்தான். அவன் யாரை விட்டுவிட்டு ஓடி வந்தான் என்று பார்த்ததில்லை.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள்.

"மரத்த நீங்க எடுத்துக்கங்க. மகன எனக்குத் தாங்க. மாத்திக்குவமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்திருக்கலாம்.

"மாட்டேன்" என்றேன்.